சாம்பலை அள்ளிய ஆசாரியன்





ஜனவரி முதல் தேதியன்று ஆதியாகமத்தில் வேதவாசிப்பைத் தொடங்குகிறவர்களில் அநேகர் பிப்ரவரியில் லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுபோகிறார்கள். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. வேதசாஸ்திரக் கல்லூரியில் இருந்த நாட்களில் நாங்களும் அந்தப் புத்தகத்தைத் தேர்வுக்காகப் படித்தோம். தேர்வு முடிந்ததும் மூடிவைத்தோம். கொழுப்பு, குண்டிக்காய், இரத்தம், சாம்பல் என்று போகும் இந்த அதிகாரங்களில் பிரசங்கத்துக்கு என்ன இருக்கிறது என்று எண்ணினோம். மருத்துவமனை ஊழியத்துக்கு வந்த பிறகுதான், இரத்தமும் சாம்பலும் உள்ள ஓர் இடத்தில் நின்றுகொண்டு அதை மறுபடியும் வாசிக்க நேர்ந்தது. அப்படி வாசித்ததில் கண்ட சில காரியங்களை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

நாளின் முதல் வேலை

சர்வாங்க தகனபலியின் பிரமாணத்தை லேவியராகமம் 6ஆம் அதிகாரம் 8 முதல் 13 வரையுள்ள வசனங்களில் காணலாம். மாலையில் செலுத்தப்பட்ட பலி இரவு முழுவதும் பலிபீடத்தின்மேல் எரிந்துகொண்டிருக்கும். அந்த அக்கினி அவிந்துபோகக் கூடாது. விடிந்ததும் ஆசாரியன் செய்யவேண்டிய முதல் காரியம் என்ன? புதிய பலியைச் செலுத்துவதா? தூபங்காட்டுவதா? ஜனங்களை ஆசீர்வதிப்பதா? இவை ஒன்றும் இல்லை. நேற்றைய சாம்பலை அள்ளவேண்டும்.

சணல்நூல் அங்கியையும், சல்லடம் என்று நமது பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் சணல்நூல் உள்ளாடையையும் அவன் தரித்துக்கொள்ளுகிறான். சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் வைக்கிறான். பிறகு அந்த வஸ்திரங்களைக் கழற்றி, வேறு வஸ்திரங்களை உடுத்திக்கொண்டு, சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே சுத்தமான ஓர் இடத்துக்குக் கொண்டுபோகிறான். அதன்பின்புதான் புதிதாக விறகு அடுக்கிக் காலைப் பலியை வைப்பது.

இதில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். ஒன்று, இந்த வேலை ஆரோனின் குமாரருக்கே உரியது. அவர்களுக்கு உதவியாக லேவியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பிற்காலத்தில் யோசுவா, கிபியோனியரைப் பலிபீடத்துக்கு விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தான். ஆனால் சாம்பல் அள்ளும் வேலை அவர்களிடம் தள்ளிவிடப்படவில்லை. பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைய உரிமை பெற்ற அதே கைதான் சாம்பலையும் அள்ளியது.

மற்றொன்று உடை. அழுக்கு வேலைதானே என்று பழைய துணியை உடுத்திக்கொண்டு அவன் வரவில்லை. பலி செலுத்தும்போது அணியும் பரிசுத்த வஸ்திரத்தோடுதான் சாம்பலை எடுக்கிறான். வெளியே போகும்போதுதான் மாற்றிக்கொள்ளுகிறான். நமது ஆப்பரேஷன் தியேட்டரிலும் இதைப்போல ஒரு சட்டம் உண்டு. உள்ளே உடுத்தும் பச்சை உடையோடு யாரும் வாசலுக்கு வரக்கூடாது. ஆனால் காரணம் வேறு. நாம் கிருமிக்குப் பயந்து உடை மாற்றுகிறோம். இஸ்ரவேலின் ஆசாரியனோ பரிசுத்தத்துக்குப் பயந்து மாற்றினான். எசேக்கியேல் 44ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தை வாசித்தால், பரிசுத்த வஸ்திரத்தோடு ஜனங்களின் நடுவே போகாதபடிக்கு இந்தக் கட்டுப்பாடு என்பது விளங்கும்.

எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் ரோமரால் அழிக்கப்பட்டது. அங்கே நடந்த ஆராதனை முறைகளைப்பற்றிய யூத மரபுகள் ஏறக்குறைய கி.பி. 200இல் மிஷ்னா என்ற நூலில் தொகுக்கப்பட்டன. அதில் ‘தாமீத்’ என்னும் பகுதி தேவாலயத்தின் விடியற்காலை வேலைகளை வரிசையாகச் சொல்லுகிறது. சாம்பல் அள்ளச் சீட்டு விழுந்த ஆசாரியன் தனியாகவே பிராகாரத்துக்குள் போவான். கையில் விளக்கு கிடையாது. பலிபீடத்தின் நெருப்பு வெளிச்சத்திலேயே நடப்பான். மற்ற ஆசாரியர் அவனைக் காணவும் மாட்டார்கள், அவன் சத்தத்தைக் கேட்கவும் மாட்டார்கள். கைகால் கழுவும் தொட்டியில் தண்ணீர் எடுக்க ஒரு மர உருளை இருந்தது. அது கிறீச்சிடும் சத்தம் கேட்டபின்தான் வேளை வந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவன் வெள்ளித் தட்டில் தணலை வாரிக் கீழே இறங்கினதைக் கண்ட பிறகே மற்றவர்கள் ஓடிவந்து, மீதிச் சாம்பலைத் தள்ளுவதற்கு மண்வாரிகளை எடுப்பார்கள்.

சீட்டுப் போடும் பழக்கம் எப்படி வந்தது என்பதை ‘யோமா’ என்னும் மற்றொரு பகுதி சொல்லுகிறது. ஆதியில் சீட்டு இல்லை. விருப்பமுள்ளவர்கள் பலிபீடத்தின் சரிவான பாதையில் ஓடுவார்கள். முந்தினவனுக்கு அந்த வேலை. ஒருநாள் இருவர் சமமாக ஓடிவர, ஒருவன் மற்றவனைத் தள்ளிவிட, கீழே விழுந்தவனுக்குக் கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகுதான் சீட்டு முறை ஏற்படுத்தப்பட்டதாம். பதவிக்கும் முதலாம் ஆசனத்துக்கும் போட்டியிட்டுக் காலை முறித்துக்கொள்ளும் சபைகளை நாம் அறிவோம். சாம்பல் வாருவதற்குப் போட்டியிட்டுக் காலை முறித்துக்கொண்டவர்களும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறார்கள்!

எபிரெய மொழியில் ‘அவோதா’ என்று ஒரு சொல் உண்டு. எகிப்தில் இஸ்ரவேலர் சாந்தும் செங்கலும் சுமந்து அடிமைகளாகச் செய்த வேலைக்கு யாத்திராகமம் அந்தச் சொல்லையே வழங்குகிறது. ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்த பணிவிடைக்கும் அதே சொல்தான். செங்கல் சுமந்த அதே தோள்கள் பிறகு கூடாரத்தைச் சுமந்தன.

காலை நாலரை மணிக்கு நாங்கள் சிற்றாலயத்தைத் திறக்கப் போகும்போது, பெண்கள் வார்டில் இரவுப் பணியிலிருக்கும் துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர், நேற்றைய கட்டுத்துணிகளும் பஞ்சும் அடங்கிய மஞ்சள் பைகளைக் கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது வார்டு ஃபினாயில் வாசனையோடு சுத்தமாக இருக்கும். அந்த அம்மா வீட்டுக்குப் போயிருப்பார். அவரைப் பார்க்காத டாக்டர்கள்கூட இருக்கிறார்கள். நமது மருத்துவமனையில் அந்த நாளின் முதல் ஆராதனை சிற்றாலயத்தில் நாங்கள் மணியடிக்கும்போது தொடங்குகிறது என்றுதான் வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

மண்ணில் புதைந்த வெள்ளி

இனிக் காணிக்கையைப்பற்றி. இது உங்களுக்கு உரியதாகையால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இருபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆண்மகனும் அரைச் சேக்கல் வெள்ளி கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் கட்டளையிடப்பட்டது. ஐசுவரியவான் அதற்கு மேல் கொடுக்கக்கூடாது. தரித்திரன் அதற்குக் குறைத்தும் கொடுக்கக்கூடாது. அரைச் சேக்கல் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு கிராம் வெள்ளி. அன்று எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். வந்து சேர்ந்தது நூறு தாலந்தும் 1,775 சேக்கலும். ஒரு தாலந்துக்கு மூவாயிரம் சேக்கல் என்று வைத்து நீங்களே பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கணக்கு ஒரு சேக்கலும் பிசகாமல் வரும். மோசேயின் காலத்துப் பொருளாளர்கள் ஒழுங்கானவர்கள்.

அந்த நூறு தாலந்து வெள்ளி என்ன ஆயிற்று? யாத்திராகமம் 38:27 சொல்லுகிறது. நூறு பாதங்களாக வார்க்கப்பட்டது, பாதத்துக்கு ஒரு தாலந்தாக. கூடாரத்தின் நாற்பத்தெட்டுப் பலகைகளுக்குக் கீழே பலகைக்கு இரண்டாகத் தொண்ணூற்றாறு. திரைச்சீலை தொங்கும் நான்கு தூண்களுக்குக் கீழே நான்கு. ஆக நூறு. பொன்னால் மூடிய பலகைகளைக் கண்டு ஆசாரியர் வியந்திருப்பார்கள். கேருபீன்கள் நெய்யப்பட்ட திரையைக் கண்டு வியந்திருப்பார்கள். இவையெல்லாம் நின்றது வனாந்தரத்து மண்ணில் அழுந்திக்கிடந்த அந்த வெள்ளிப் பாதங்களின்மேல்தான். ஒரு பாதத்துக்கு ஆறாயிரம் பேருடைய அரைச் சேக்கல். இதில் என் வெள்ளி எது என்று எவனும் சுட்டிக்காட்ட முடியாது. பெயர் பொறிக்க இடமும் இல்லை.

நமது மருத்துவமனைக்கு ஸ்கேன் கருவி வாங்க வேண்டுமென்று எழுதினால் காணிக்கை விரைவாக வருகிறது. கழிவுநீர்த் தொட்டி பழுதுபட்டிருக்கிறது என்று எழுதினால் வருவது தாமதமாகிறது. இதில் வியப்பில்லை, நாங்களும் மனிதர்தானே, திறப்புவிழாவுக்குக் கழிவுநீர்த் தொட்டியைவிட ஸ்கேன் அறையே எங்களுக்கும் வசதி.

கூடாரம் பிரயாணப்படும்போது அந்தப் பாதங்களைச் சுமந்தவர்கள் மெராரியர். பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், முளைகள், கயிறுகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெட்டியையும் குத்துவிளக்கையும் சுமந்த கோகாத்தியருக்கு இருந்த மேன்மை இவர்களுக்கு இல்லை. ஆனால் எண்ணாகமம் 4:32இன்படி, அவர்கள் சுமக்கும் பொருள்களைப் பெயர்பெயராகக் கணக்கெடுக்கவேண்டும் என்ற கட்டளை இவர்களைப்பற்றித்தான் காணப்படுகிறது. ஒரு கூடார முளையும் பெயரில்லாமல் போகவில்லை. வண்டிகள் வந்தபோது மோசே நான்கை மெராரியருக்கும் இரண்டைக் கெர்சோனியருக்கும் கொடுத்தான். கோகாத்தியருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவர்கள் தோளில்தான் சுமக்கவேண்டும். பாரம் அதிகமானவனுக்கு வண்டி, மேன்மை அதிகமானவனுக்குத் தோள். (ஐம்பது வயதில் லேவியன் இந்தச் சுமை வேலையை விட்டுவிட்டு, சகோதரரோடு காவல்மட்டும் காக்கவேண்டும் என்று எண்ணாகமம் 8:25, 26 சொல்லுகிறது. அறுபதைத் தாண்டிய எங்களுக்கு வீட்டில் அடிக்கடி இந்த வசனங்களை நினைப்பூட்டுகிறார்கள்.)

பிற்காலத்தில் அரைச் சேக்கல் வருடாந்தர தேவாலய வரியாயிற்று. நமது ஆண்டவரிடம் கப்பர்நகூமில் கேட்கப்பட்ட வரிப்பணம் அதுவே. அந்தப் பணத்திலிருந்துதான் காலையிலும் மாலையிலும் செலுத்தப்படும் ஆட்டுக்குட்டிகள் வாங்கப்பட்டன. அலெக்சந்திரியாவில் கடை வைத்திருந்த யூதனுக்கும் அந்த ஆட்டுக்குட்டியில் பங்கு இருந்தது. ஆனால் இங்கே ரபீமாருக்கு ஒரு கேள்வி எழுந்தது: தன் பலி செலுத்தப்படும்போது அதற்குரியவன் அருகில் நில்லாதிருப்பது எப்படித் தகும்? எல்லாரும் எருசலேமுக்கு வரமுடியாதே! ஆகையால் நாட்டை இருபத்துநான்கு பிரிவாக்கி, வாரம் ஒரு பிரிவின் சார்பில் சிலர் வந்து பலியருகில் நிற்க ஏற்பாடு செய்தார்கள். வரமுடியாதவர்கள் அந்த வாரத்தில் தங்கள் ஊரிலேயே கூடி, ஆதியாகமத்தின் சிருஷ்டிப்பு வரலாற்றை வாசித்தார்கள். பணத்தை அனுப்பியதோடு தங்கள் பங்கு முடிந்ததென்று அவர்கள் எண்ணவில்லை. உங்களில் சிலர் காணிக்கையோடு, எந்த வார்டுக்காக எந்த நாளில் ஜெபிக்கட்டும் என்று கேட்டு எழுதுகிறீர்கள். அந்தக் கடிதங்களை ஜெபக்கூட்டத்தில் வாசிக்கிறோம். அலுவலகக் கோப்பில் அவற்றுக்கு ரசீது எண் கிடையாது.

பாளயத்துக்குப் புறம்பே

சாம்பல் போன பாதையை இன்னும் சற்றுத் தொடர்ந்து போவோம். அந்தப் பாதை பாளயத்துக்கு வெளியே போகிறது. அங்கே சாம்பல்மட்டும் இல்லை. லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தின்படி தீட்டுள்ளவன் என்று தீர்க்கப்பட்டவனும் அங்கேதான் குடியிருக்கிறான், தனியாக, வஸ்திரம் கிழிந்தவனாக, தன் தீட்டைத் தானே கூவி அறிவிக்கிறவனாக.

இந்த அதிகாரத்தைப்பற்றி எங்கள் தவறு ஒன்றை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்குமுன் ஒரு ஞாயிறு மாலை தொழுநோய் வார்டில் ஆராதனை நடத்தினோம். குஷ்டரோகம் பாவத்துக்கு அடையாளம். சிறிதாகத் தொடங்கும், பரவும், உணர்வை மரத்துப்போகச் செய்யும், பிரித்துவிடும் என்று, எங்கும் வழக்கமாகச் சொல்லப்படும் பிரசங்கத்தையே செய்தோம். ஆராதனை முடிந்து நோயாளிகளோடு கைகுலுக்கிக்கொண்டு வந்தபோது, கால் புண்ணுக்காக வந்திருந்த ஒருவர், தம் கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: “ஐயா, அப்ப எங்க கையைப் பாத்தா ஒங்களுக்குப் பாவந்தான் தெரியுதா?” கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவு லேவியராகமத்தை எடுத்து, பிரசங்கத்துக்காக அல்லாமல் வாசித்தோம்.

முதலாவது, லேவியராகமம் சொல்லும் வியாதி நமது வார்டில் உள்ள வியாதி அல்ல. எபிரெயத்தில் அதன் பெயர் ‘சாராத்’. அது வஸ்திரத்திலும் வரும், வீட்டுச் சுவரிலும் வரும். உடல் முழுவதும் வெளுத்துப்போனால் அவன் சுத்தமானவன் என்று 13ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம் தீர்க்கிறது. தொழுநோய் சுவரில் வராது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதற்கு ‘லெப்ரா’ என்ற சொல்லை வைத்தார்கள். கிரேக்க வைத்தியர் அந்தச் சொல்லைச் செதிலுதிரும் தோல்நோய்களுக்கே வழங்கினார்கள். பிற்காலத்தில் அந்தச் சொல் தொழுநோயின்மேல் ஏறிக்கொண்டது. அதோடு லேவியராகமத்தின் தீட்டும் ஏறிக்கொண்டது. நமது பழைய தமிழ் வேதாகமமும் ‘குஷ்டரோகம்’ என்றே மொழிபெயர்த்தது. தொழுநோயே அல்லாத வெண்புள்ளிகளைக்கூட வெண்குஷ்டம் என்று சொல்லி, பெண்ணுக்கு வரன் தட்டிப்போன வீடுகள் நம்மிடையே உண்டு.

நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் தொழுநோயின் கிருமியைக் கண்டறிந்தார். வேலூரில் பணிசெய்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் அழுகி விழுவதில்லை, வலியுணர்வு அற்றுப்போனதால் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்று விளக்கி, மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இப்போது ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாத மருந்தில் நோய் குணமாகிறது. ஆனாலும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டத்தில், தொழுநோய் ஒரு காரணமாக 2019 வரை இருந்துவந்தது. மருந்து முந்திக்கொண்டது, பாளயம் பின்தங்கியது.

இரண்டாவது, நாங்கள் 13ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டோம். 14ஆம் அதிகாரத்துக்குப் போகவில்லை. 13ஆம் அதிகாரம் கடினமானது. அதை இனிப்பாக்க நாங்கள் முயலவில்லை. அதிலும்கூட, ஆசாரியன் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்க்கவேண்டும், தேவையானால் இன்னும் ஏழு நாள் என்ற நிதானம் இருக்கிறது. ஆனால் 14:3இல் நடப்பது வேறு வகையானது. ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போகிறான். நோயாளி நலமடைந்து தானே வந்து கதவைத் தட்டட்டும் என்று அவன் கூடாரவாசலில் காத்திருக்கவில்லை. காலையில் சாம்பலோடு போன திசையிலேயே, இப்போது மனிதனைத் தேடிப் போகிறான். போய்ப் பார்க்கிறான். அவன் நோயைக் குணமாக்குகிறவன் அல்ல. குணமானதைக் கண்டு, ஊரார்முன் சொல்லுகிறவன். எங்களைப் போன்ற சாப்ளின்களின் வேலையும் ஏறக்குறைய அதுவே.

இரண்டு குருவிகளில் ஒன்று கொல்லப்படும். மற்றொன்று வெளியிலே பறக்கவிடப்படும். அவன் துணிகளைத் தோய்த்து, மயிரைச் சிரைத்து, குளித்து, பாளயத்துக்குள் வருகிறான். ஏழு நாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே தங்குகிறான். எட்டாம் நாளில் குற்றநிவாரண பலியின் இரத்தத்தை ஆசாரியன் எடுத்து, அவனுடைய வலதுகாதின் மடலிலும், வலதுகையின் பெருவிரலிலும், வலதுகாலின் பெருவிரலிலும் பூசுகிறான். அதன்மேல் எண்ணெயையும் பூசி, மீதியான எண்ணெயை அவன் தலையில் வார்க்கிறான். இதை வாசித்தபோது முன்பு எங்கோ கண்ட நினைவு வந்தது. ஆறு அதிகாரம் பின்னால் திருப்பினோம். லேவியராகமம் 8:23, 24. ஆரோனும் அவன் குமாரரும் ஆசாரியராகப் பிரதிஷ்டை பண்ணப்பட்ட நாளில் இரத்தம் பூசப்பட்ட இடங்கள் இவையே: வலது காது, வலது கைப் பெருவிரல், வலது கால் பெருவிரல். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இப்படி இரத்தம் பூசப்படுகிறவர்கள் இரண்டே வகையினர். ஒருவர் ஆசாரியர். மற்றவர் பாளயத்துக்கு வெளியேயிருந்து திரும்பி வந்த நோயாளி.

அவன் ஏழையாயிருந்து மூன்று ஆடுகள் கொண்டுவரத் திராணியற்றவனானால், ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாக்களும் போதும் என்று அதே அதிகாரம் சொல்லுகிறது. காணிக்கையில் குறைத்தார்கள். பூசுவதில் குறைக்கவில்லை, காது, கை, கால் மூன்றும் அவனுக்கும் உண்டு.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அதே வார்டில் இந்த 14ஆம் அதிகாரத்தை வாசித்து விளக்கினோம். வயதான ஓர் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கவனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது காலில் பெருவிரல் இல்லை. எப்போதோ புண்ணில் போய்விட்டது. முடிந்ததும் கேட்டார்: “ஐயா, கட்டவிரல் இல்லாதவங்களுக்கு எங்க பூசுவாங்க?”

மறுபடியும் எங்களிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்லுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். விசாரித்ததில், அந்த அம்மாவின் கேள்வி புதியதல்ல என்று கண்டோம். மிஷ்னாவில் ‘நெகாயீம்’ என்னும் பகுதியின் 14ஆம் அதிகாரத்தில் அதே கேள்வி இருக்கிறது. சுத்திகரிக்கப்படுகிறவன் இன்னும் பிராகாரத்துக்குள் வரக்கூடாதாகையால் வாசலில் நின்று, தலையையும் கையையும் காலையும் உள்ளே நீட்டுவான், பூசுவார்கள். பெருவிரலோ காதோ இல்லாதவனானால்? ஒரு சாரார், அவனுக்கு ஒருபோதும் சுத்திகரிப்பு இல்லை என்றார்கள். ரபி சிமியோன், இடதுபக்கத்தில் பூசினால் செல்லும் என்றார். ரபி எலியேசர், விரல் இருந்த இடத்தில் பூசவேண்டும் என்றார்.

நாங்கள் நியாயப்பிரமாணத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் அல்ல. ஆனால் எலியேசரின் பக்கமே நிற்கிறோம். அந்த அம்மாவிடம் மூன்று பதில்களையும் மறைக்காமல் சொன்னோம். முதல் பதிலைக் கேட்டபோது முகம் மாறவில்லை. அதை அவர் பலமுறை கேட்டிருப்பார். மூன்றாவதைக் கேட்டதும், “அந்த ஐயா சொன்னதுதான் சரி” என்றார். பிறகு காப்பி வந்துவிட்டது.

நமது ஆண்டவரும் இந்த அதிகாரத்தை அறிந்திருந்தார். மாற்கு முதலாம் அதிகாரத்தில் குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கியபின், ஆசாரியனிடத்தில் போய் மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்று அனுப்புகிறார். அவன் போனானா என்று மாற்கு எழுதவில்லை. கண்டவர்களிடமெல்லாம் சொன்னான் என்று எழுதுகிறார். அதனால் நடந்ததைக் கவனியுங்கள். வெளியே இருந்தவன் ஊருக்குள் போனான். இயேசுவோ வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போகக்கூடாமல் வனாந்தரமான இடங்களில் தங்கினார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 13ஆம் அதிகாரம், பலி மிருகங்களின் உடல்கள் சுட்டெரிக்கப்பட்ட அந்த வெளிப்புறத்திலேயே, நகர வாசலுக்குப் புறம்பே அவர் பாடுபட்டதையும் சொல்லி, நம்மையும் அங்கே அழைக்கிறது.

இந்த மாதத் தேவைகள்

சலவைப் பகுதியில் வெந்நீர்க் கொதிகலன் பழுதாகி, துணிகளைச் சிறு சிறு பகுதிகளாக அவிக்கவேண்டியிருக்கிறது. துப்புரவுப் பணியாளர்களுக்குக் கையுறைகளும் முழங்கால்வரை உள்ள ரப்பர் பூட்ஸ்களும் தேவைப்படுகின்றன. கால் உணர்விழந்த நோயாளிகளுக்கு மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகளை நமது செருப்புப் பிரிவிலேயே ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்துத் தைக்கிறோம். தேய்ந்த செருப்பைத் தாமதமாக மாற்றினால், ஆறிய புண் திரும்பவும் திறந்துவிடும். ரப்பர் தாள்களும் தோல் வார்களும் கையிருப்பில் குறைந்துவிட்டன. விரல் இல்லாத கால்களுக்கு, அது இருந்த இடத்தில் அழுத்தம் விழாதபடி அடியில் ஒரு திண்டு வைத்துத் தைக்கவேண்டும். அந்த வேலை தெரிந்தவர் நம்மிடம் ஒருவரே இருக்கிறார். அவருடைய கண் சிகிச்சைக்காகவும், அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஒருவர் கிடைப்பதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை சாப்ளின்